மீன் படாத சட்டி

அந்தக் குப்பத்தில் அவள் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தால் போதும். ஒரு வீட்டில் நெத்திலிக் குழம்பு கொதிக்கும், அடுத்த வீட்டில் காரப்பொடி வறுபடும், அதற்கடுத்ததில் கருவாடு சுடுகிற புகை முகத்தில் அடிக்கும். எந்த வாசலில் மூக்குக்கு ஒன்றுமே சிக்கவில்லையோ அதுதான் அவள் வீடு.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் அவள் கையால் சாப்பிட்டவன் சொல்கிறேன், நம்புங்கள். முன்பெல்லாம் ஊரார் அவளைப் புருஷன் பெயரைச் சொல்லி அவன் பொண்டாட்டி என்று கூப்பிட்டார்களாம். அவன் போன பிறகு அந்தப் பெயரை எடுக்கவே கூசி, 'அந்த வூட்டுக்காரி' ஆக்கிவிட்டார்கள். நான் அக்கா என்றேன். அவள் என்னை ஐயரே என்றாள். நான் ஐயர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. அந்த வழக்கில் கடைசி வரை எனக்குத் தோல்விதான்.

பி.ஏ. முடித்த சூட்டோடு உப்பு ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி உப்பளம், அதைத் தாண்டி இந்தக் குப்பம். திருவொற்றியூரில் மாமாவுக்கு மளிகைக் கடை இருந்தது. ஆனால் விடிவதற்குள் அளத்தில் நிற்க வேண்டும் என்பதால் ஆபீஸ் பக்கத்திலேயே ஓர் அறை கொடுத்துவிட்டார்கள். வெறும் அறை. சோறு என் பாடு.

வீட்டில் பரம்பரைச் சைவம். நான் அப்படி ஒன்றும் பக்திமான் இல்லை. கல்லூரி விடுதியில் சாமி, சாதி எல்லாம் சுத்த டூப் என்று மேஜையைத் தட்டிப் பேசியவன். முட்டை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். மீன்தான் பாக்கி. 'வேலைக்குப் போனதும் அதையும் ஒரு கை பார்க்கிறேன்' என்று தோஸ்துகளிடம் சவால் வேறு விட்டிருந்தேன். கடவுள் இல்லை என்று சொன்னவனைக் கடவுள் சரியாக மீன் குப்பத்தில் கொண்டுவந்து இறக்கினார். வீராப்பெல்லாம் முதல் நாளே மூக்கு வழியாகக் கழன்றுவிட்டது. அந்த வாடைக்கே வயிறு பிரட்டியது.

டீக்கடையில் இட்லி இருந்தது. ஆகா என்று உட்கார்ந்தேன். சாம்பாரில் ஏதோ மிதந்தது.

"இது என்னங்க?"

"அது சும்மா ருசிக்கு சாமி. சென்னாகுன்னி. பொட்டு இறா. அத்த எட்த்துப் போட்டுட்டுத் துன்னு."

"நான் சைவம்யா."

"இதுவும் சைவந்தான். ரத்தம் கீதா பாரு?"

அப்புறம் வாழைப்பழம், பொட்டுக்கடலை, மறுபடி வாழைப்பழம். அளத்தில் வெயில் உப்பின் மேல் பட்டுக் கண்ணைக் குத்தும். ஒரு நாள் அப்படியே தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். குப்பத்துத் தலைவர்தான் தண்ணீர் கொடுத்துத் தூக்கிவிட்டார். நெஞ்சு நரைத்த ஆள், நடக்கும்போதும் துடுப்புப் போடுகிறவர் மாதிரி தோளை ஆட்டிக்கொண்டு நடப்பார்.

"சுத்த சைவமா?" என்று யோசித்தார். "எங்க ஊர்ல அது வோணும்னா சாவு வூட்லதான் கெடைக்கும் தம்பி. கருமாதி முடியற வரிக்கும் மீனு சட்டி ஏத்த மாட்டோம். இப்போ அப்டி ஒரு வூடு கீது. வா."

"யார் செத்தாங்க?"

"அத்த மட்டும் அவகிட்ட கேட்டுடாத."

போகிற வழியில் சொன்னார். போன ஐப்பசிக் காற்றில் ஒரு கட்டுமரம் மூன்று பேரோடு போனது. இரண்டு பேரைக் கடல் கரையில் ஒதுக்கியது. மூன்றாவது ஆள், இவள் புருஷன், வரவே இல்லை. அந்த இரண்டு பேருக்கும் கருமாதி முடிந்து அவர்கள் வீடுகளில் மீன் குழம்பு வைத்தாகிவிட்டது. இவள் மட்டும் எதையும் செய்ய விடவில்லை.

வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். கறுத்து, ஒடிசலாக, காதில் ஓட்டை பெரிதாக.

"ஐயரா?"

"இல்லீங்க. பிள்ளை."

"மீனு துன்வியா?"

"இல்ல."

"அப்ப ஐயருதான். குந்து."

தலைவர் சமாதானமாக, "படிச்ச புள்ள, பாவம், பட்டினி கெடக்குது. சாவு வூட்டுச் சோறுன்னாலும்..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

"யாரு வூட்ல சாவு? தலைவரே, நாக்க அடக்கிப் பேசு! நான் ஆத்தாளுக்கு வேண்டிகினு கீறேன். அது திரும்பி வந்து என் கையால மீனு கொழம்பு துன்ற வரிக்கும் என் வாயில மீனு படாதுன்னு. வேண்டுதலுக்கும் சாவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளெல்லாம் ஊருக்குத் தலைவரு!"

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கத்திரிக்காய்க் குழம்பு கிடைத்தது. ஊரைக் கேட்டால் அது சாவு வீட்டுக் குழம்பு. அவளைக் கேட்டால் வேண்டுதல் குழம்பு. நான் எதையும் கேட்காமல் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவள் நடந்து வருகிற விதம்தான். விடிகாலையில் கரையில் மீன் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு திருவொற்றியூர் போவாள். விற்றுவிட்டு எனக்குக் காய் வாங்கி வருவாள். காயைக் கூடையில் போட மாட்டாள். கூடை காலியாகத் தலையில் இருக்கும். கத்திரிக்காயும் வாழைக்காயும் சேலை மடியில் முட்டிக்கொண்டு தொங்கும். பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றை ஏந்திக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்து வருவாள். வழியில் பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

"இன்னாடி, எத்தினி மாசம்?"

"ஐயருக்குப் பொறக்கப் போவுது, வாழக்கா!" என்று இவளும் விட மாட்டாள்.

நாள் முழுக்க மீனில் புழங்குகிற கை. வீட்டுக்கு வந்ததும் சாம்பல் போட்டு, புளி போட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சட்டியைத் தொடுவாள். அந்தச் சட்டியை அவள் புதிதாக வாங்கியிருந்தாள், வேண்டுதலுக்கென்று. அதில் மீன் பட்டதே கிடையாது.

சமைக்கும்போது புருஷனைத் திட்டிக்கொண்டே இருப்பாள். செத்தவனை யாரும் அப்படித் திட்ட மாட்டார்கள். "வரட்டும். வந்தா கீது அதுக்கு. எங்கனா தெலுங்குக் கரையில ஒதுங்கி, எவ வூட்லயோ குந்திகினு சோறு துன்னுகினு கீறும். பாஷ தெரியாம முழிச்சிகினு கீறும். முழிக்கட்டும்." இது வெறும் பிதற்றல் இல்லை. அவள் மாமனார் காலத்தில் ஒருவன் அப்படி வடக்கே அடித்துக்கொண்டு போய், கருமாதியெல்லாம் முடிந்து மாதங்கள் கழித்துத் தாடியோடு திரும்பி வந்தானாம். ஊரே அவனைப் பார்த்து ஓடியதாம். அதை என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்!

ஒரு நாள் என் படிப்பைக் காட்டினேன். "அக்கா, காணாமப் போன ஆளை ஏழு வருஷம் கழிச்சுத்தான் செத்ததா சட்டமே ஒத்துக்கும்."

"ஏழு வருசம் இன்னாத்துக்கு? அதுக்குப் பசி தாங்காது. அதுக்கு முன்னயே வந்துடும்" என்றாள்.

நான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேரே சுவரில் ஓர் ஆணி. அதில் அறுந்த கறுப்புக் கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். குடிசையில் ஆயிரம் கயிறு கிடக்கும், நான் அதை ஒரு பொருட்டாகப் பார்க்கவில்லை. அவள் மட்டும் கூரையிலிருந்து பூச்சி விழுந்தால்கூட முதலில் அந்த ஆணியைத்தான் தட்டிச் சுத்தம் செய்வாள்.

வைகாசிக்குப் பிறகு நிலைமை மாறியது. கடலில் மீன் இல்லை. போன கட்டுமரமெல்லாம் வெறுமனே திரும்பியது. ஆடி பிறந்தால் அம்மனுக்குக் காப்புக் கட்ட வேண்டும். ஊரில் சாவுத் தீட்டுக் கழியாத வீடு ஒன்று இருக்கும்வரை காப்புக் கட்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். காப்புக் கட்டாமல் எப்படி அம்மன் கண் திறப்பாள், எப்படி மீன் வரும்? எல்லார் பார்வையும் வாசனை வராத அந்த வீட்டின் பக்கம் திரும்பியது.

முதலில் பேச்சு நின்றது. அப்புறம் ஒரு காலையில் நான் கரைப் பக்கம் போனபோது பார்த்தேன். மரங்கள் ஒதுங்கியிருந்தன, கிடைத்த கொஞ்ச மீனைப் பெண்கள் சுற்றி நின்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் கூடையை நீட்டிக்கொண்டு நின்றாள். யாரும் விரட்டவில்லை. யாரும் போடவும் இல்லை. கடைசி மீன் வரைக்கும் பிரித்து முடித்தார்கள். இவள் காலிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, காசிமேட்டில் மீன் வாங்கி விற்கக் கிளம்பிவிட்டாள். அத்தனை தூரம், நடை.

"உங்களுக்கு வீம்பு அக்கா" என்றேன் அன்று மத்தியானம்.

"வீம்புதான். அதுக்கு என்ன விட்டா யாரு கீது வீம்பு புடிக்க? ஊரே செத்துப் போன்னு சொல்லுது. நானும் சொல்லிட்டா அது எங்க போவும்?"

வாழைக்காய்ப் பொரியலைப் பார்த்துக்கொண்டேன்.

ஆனி முடிகிற சமயம், முகத்துவாரத்து மணல்திட்டில் அலை ஒரு மரத்தைக் கவிழ்த்தது. கல்யாணம்கூட ஆகாத ஒரு பையன் போய்விட்டான். அவன் உடல் அன்றே கிடைத்துவிட்டது. சில நாள் கழித்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் அம்மா வந்து வாசலில் நின்றாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்து, கையைச் சோற்றில் வைத்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் கத்தவில்லை. மண்ணை வாரி இறைக்கவில்லை. கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, சன்னமாக, ஏதோ விலை கேட்பது போலக் கேட்டாள்.

"இன்னும் எத்தினி பேரு போவணும்மா?"

கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். குழம்பு அடிப்பிடித்து நாறியது. அவள் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் மாமா வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை மத்தியானம் அளத்திலிருந்து குப்பத்துக்குள் நுழைகிறேன், மூக்கில் மீன் குழம்பு வாசனை. அதில் என்ன அதிசயம்? நடக்க நடக்க வாசனை கூடியது. அவள் வீட்டுக் கூரையிலிருந்துதான் புகை வந்தது.

அவள் வீட்டில் மீன் குழம்பு என்றால் ஒரே அர்த்தம்தான். செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாது, மணலில் விழுந்தடித்து ஓடினேன். வாசலில் கூட்டம்.

"அக்கா! வந்துட்டாரா?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே அவள் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. கையில் வளையல் இல்லை. முன்னால் விரித்த இலையில் கிழங்கா மீன் குழம்பு, வறுவல், சோறு. அது அவனுக்குப் பிடித்த மீனாம். படையல்.

தலைவர்தான் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "வலையில சிக்கிச்சு தம்பி. அவன் இடுப்புல கட்டியிருந்த அர்ணாக்கவுறு. அவகிட்டயே காட்டினேன். பாத்துட்டு, அவனோடதுதான்னு ஒத்துகினா. பதினாறு நாள்லாம் இழுக்க வோணாம்னு எல்லாத்தையும் இன்னிக்கே முடிச்சுட்டோம்." சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஐயரே, இன்னிக்கு ஒரு நாளு பொறுத்துக்கோ. நாளைலேர்ந்து உனக்குத் தனியா வெக்கிறேன்."

சொன்னபடி வைத்தாள். அதே சட்டி, அதே கத்திரிக்காய். ஊரும் அவளுடன் பழையபடி பேசியது, கூடையில் மீன் போட்டது. ஆடியில் காப்புக் கட்டினார்கள். வருஷா வருஷம் அந்தப் பருவத்தில் வருகிற மீன் அந்த வருஷமும் வந்தது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று கரையெல்லாம் ஒரே சிரிப்பு.

எனக்குத்தான் ஒன்று உறுத்தியது. நான் சாப்பிட்டு எழுந்ததும் அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு, என் சட்டியிலிருந்தே தனக்கும் போட்டுச் சாப்பிடுவாள். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "ஒண்டிக்கட்டைக்கு ரெண்டு சட்டி இன்னாத்துக்கு? ஐயருக்கு ஆக்கறதுல நானும் ரெண்டு வாய் துன்னுட்டுப் போறேன்" என்பாள். ஊர் அதை ஒப்புக்கொண்டது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எல்லாம் முடிஞ்சுபோச்சே அக்கா. இன்னும் ஏன் மீன் சாப்பிடல?"

வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். ஆணியைக் காட்டினாள்.

"அது இன்னா தெரியுதா?"

"கயிறு."

"அர்ணாக்கவுறு. அதோடது. கட்டுமரம் ஏறப் போன அன்னிக்குக் காலம்பற அறுந்து போச்சு. வெறும் இடுப்போட போவாதய்யா, இரு, முடிஞ்சித் தரேன்னேன். வந்து கட்டிக்கிறேன்னுட்டுப் போச்சு. அன்னிக்கு இங்க மாட்டினது. அப்பால கடல்ல எப்டி வலையில சிக்கும்?"

"அப்ப தலைவர் காட்டினது?"

"கடைல வாங்கினது. உப்புத் தண்ணில நாலு நாளு ஊறப் போட்டு எட்த்தாந்தாரு. அந்தாளுக்குப் பொய் சொல்ல வராது. கண்ணுல தண்ணி வருது. பாவமா பூட்ச்சு."

"தெரிஞ்சும் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"அந்தப் பொம்பள வந்து நின்னாளே, நீ பாத்த இல்ல? ஊருக்கு ஒரு பொணம் வோணும் ஐயரே. குட்த்துட்டேன்."

"தாலி?"

"அது வந்தா கட்டும். கட்டத் தெரியாதா அதுக்கு? படையல் அன்னிக்கு எல்லாரும் பாக்கறாங்கன்னு மீன வாயில வெச்சேன். முழுங்கல. வேலிப் பக்கம் போய்த் துப்பிட்டேன்."

பிறகு சட்டியைத் தொட்டாள். "இத்த வெச்சுத்தான் ஓடுது. ஐயரு துன்றாரு, அதனால ஆக்கறேன். ஊரு கம்முனு கீது."

என் வாழ்க்கையில் நான் எதற்கும் அவ்வளவு உபயோகப்பட்டதில்லை. வெறுமனே உட்கார்ந்து கத்திரிக்காய் தின்பதால் ஒரு மனுஷனைச் சாகாமல் வைத்திருந்தேன். மறுநாளிலிருந்து சோறு இறங்குவதே பேஜாராகிவிட்டது. ஆனாலும் ஒரு வேளை தவறாமல் போனேன். காய்ச்சல் வந்தபோதுகூடப் போனேன். மாமா வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

தை பிறந்து மாற்றல் உத்தரவு வந்தது. ராயபுரத்தில் ஆபீஸ். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டார்கள். அதற்கு என்ன எழுதுவது? என் இடத்துக்கு வருகிறவர் முன்னதாகவே வந்து அளத்தைச் சுற்றிப் பார்த்தார். கடலூர்க்காரர், நல்ல மனுஷர். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இங்க மீன் எப்படி சார்?"

கடைசி நாள் முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"உன் எடத்துக்கு வர்றவரு ஐயரா?"

"இல்லக்கா."

"மீனு துன்வாரா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மறுநாள் மத்தியானமே அந்தப் பொய் இலையில் வந்து உட்கார்ந்துவிடும்.

"சாப்பிடுவார்."

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை சட்டியின் விளிம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் கை கழுவி வந்ததும் எதிரே வந்து நின்றாள்.

"நீ எப்பவும் மீனு துன்ன மாட்டியே?"

விடுதியில் விட்ட சவால் ஞாபகம் வந்தது. "மாட்டேன்."

"கல்யாணம் கட்டிகினு வர்றவ துன்றவளா இருந்தா? தோஸ்துங்க கூப்ட்டா?"

"மாட்டேன்க்கா."

"ஆத்தா மேல சொல்லு."

"எனக்கு ஆத்தா மேலெல்லாம் நம்பிக்கை..."

"எனக்குக் கீது. சொல்லு."

சொன்னேன். மேஜையைத் தட்டிப் பேசிய அதே கையை அவள் நீட்டிய கையில் அடித்துச் சொன்னேன்.

"அப்ப சரி" என்றாள். "யாராச்சும் ஒர்த்தர் துன்னாம இருந்தா போதும். யாரு வாய்னு ஆத்தா பாக்க மாட்டா."

பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். மணல் போட்டுத் தேய்க்கிற சத்தம் நான் தெருவைத் தாண்டும்வரை கேட்டது.

போன மாசம் அந்தக் கடலூர்க்காரர் ஏதோ வேலையாக ராயபுரம் ஆபீசுக்கு வந்திருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். கையில் தூக்குச் சட்டி.

"நீங்க சேர்த்துவிட்ட இடம் சார், அடடா! ஊரிலேயே அந்தம்மா கை மாதிரி கிடையாது. நம்ம கூடவே உட்கார்ந்து அந்தம்மாவும் மீனை நல்லா சாப்பிடுது."

"அவங்க வீட்டுக்காரர்?" என்றேன்.

"அவர் செத்து ரொம்ப நாளாச்சாமே சார்? உங்களுக்குத் தெரியாதா?"

தூக்கைத் திறந்தார். கிழங்கா மீன் குழம்பு. அவள் வைத்தது. வாசனை மேஜை முழுக்கப் பரவியது. அதிசயம், அன்று எனக்குக் குமட்டவே இல்லை. நாக்கில் தண்ணீர் ஊறியது.

"ஒரு வாய் பாருங்க சார்."

மூடியை எடுத்து அழுத்தி மூடினேன்.

"வேணாங்க" என்றேன். "நான் ஐயரு."